மேல் கானில் போட்ட பை கீழ்ப் பீலிக்கு வரும்



போன மழைக்காலத்தில் ஒருநாள் காலை, பிரட்டு முடிந்த கையோடு கீழ் டிவிஷன் பெண்கள் ஏழெட்டுப் பேர் என் ஆபிஸுக்கு வந்தார்கள். கொண்டு வந்த வாளியைத் தூக்கி மேசை மேல் வைத்தார்கள். பீலியில் பிடித்த தண்ணீர். அதற்குள் பிஸ்கட் கவர், கிழிந்த லஞ்ச் சீட், பம்பர்ஸ் துண்டு ஒன்று. "ஐயா, இதத்தான் வடிகட்டி, காய்ச்சி புள்ளைங்களுக்குக் குடுக்கிறோம். நீங்களே பாருங்க" என்றார் ஒரு வயதான அம்மா.

எனக்குப் பதில் வரவில்லை. அது எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். மேல் லயத்துக்கும் என் குவாட்டர்ஸுக்கும் பின்னால் ஓடுகிறதே, அந்தக் கானிலிருந்துதான். அதில் என் வீட்டுக் குப்பையும் கொஞ்சம் இருந்திருக்கும். அதனால் இந்த முறை குப்பையைப் பற்றியும் பிரதேச சபையைப் பற்றியும் எழுதுகிறேன். மற்றவருக்குப் புத்தி சொல்வதாக நினைக்க வேண்டாம். நானும் இதில் பங்காளி.

முதலில் தண்ணீர் போகும் வழியைப் பார்ப்போம். லயத்துக் கான் ஓடைக்குப் போகிறது. ஓடை ஆற்றுக்குப் போகிறது. நோர்வூட் பக்கத்துக் கானில் விழுந்த பை கெஹெல்கமு ஓயா வழியே காசல்ரி நீர்த்தேக்கத்துக்குப் போகும். மஸ்கெலியா பக்கம் என்றால் மவுசாக்கலை. இந்த இரண்டு ஆறும் சேர்ந்துதான் களனி கங்கை. களனியிலிருந்துதான் அம்பத்தலையில் கொழும்புக்குக் குடிதண்ணீர் எடுக்கிறார்கள். தலவாக்கலைப் பக்கத்துத் தண்ணீர் கொத்மலை வழியாக மகாவலிக்குப் போகிறது. நாம் இருப்பது நாட்டின் கூரையில். கூரையில் போட்டது எல்லாருடைய முற்றத்திலும் விழும். ஆனால் கொழும்புக்காரருக்கு அதைச் சுத்தம் செய்து கொடுக்க இயந்திரம் இருக்கிறது. கீழ் டிவிஷன் பெண்களுக்கு ஒரு துணித்துண்டுதான் இருக்கிறது.

கான் அடைபட்டால் வரும் கேடு வேறு. மழைத்தண்ணீர் ஓட வழியில்லாமல் லயத்துப் பின்சுவரில் தேங்கி, மண்ணுக்குள் இறங்கும். மண் ஊறி இளகினால் என்ன நடக்கும் என்று நமக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மறக்க முடியுமா? அது குப்பையால் வந்தது என்று நான் சொல்லவில்லை. சரிவான இடங்களில் கானைத் திறந்து வை, தண்ணீரைத் தேங்க விடாதே என்று அதிகாரிகள் சொல்லும்போது, அந்தக் கானில் நிற்பது பெரும்பாலும் நம்முடைய பொலித்தீன்தான் என்று மட்டும் சொல்கிறேன்.

"சபைக்காரங்க வந்து அள்ளினா என்ன? ஓட்டு மட்டும் வேணும்" என்று பலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். இதற்கு ஒரு கதை உண்டு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க பிரதேச சபைகள் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. தோட்டத்துக்குள் சபை தன் பணத்தைச் செலவழிக்க அது தடையாக இருந்தது. நாம் ஓட்டுப் போட்டோம், நம் ஆட்கள் உறுப்பினர்களாகவும் வந்தார்கள். ஆனால் லயத்துப் பாதையில் ஒரு கல்லைப் போடவும் சட்டம் இடம் கொடுக்கவில்லை. 2018ஆம் ஆண்டுதான் பாராளுமன்றம் அதைத் திருத்தியது. அதே ஆண்டு உள்ளூராட்சித் தேர்தலோடு, நுவரெலியா, அம்பகமுவ என்று இரண்டாக இருந்த சபைகள் நுவரெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை, அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா என்று ஆறாகின. ஆகவே "தோட்டம் எங்க எல்லை இல்ல" என்று இனி யாரும் சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது. பணம் இல்லை, ட்ரக்டர் இல்லை என்று சொல்லலாம், அது வேறு விஷயம். தோட்ட நிருவாகமும் ஒத்துழைக்க வேண்டும்.

ஆனால் ட்ரக்டர் வந்தால் மட்டும் போதாது. ஒருமுறை நாங்கள் அலைந்து திரிந்து ட்ரக்டரை வரவழைத்தோம். வந்தவர்கள் உரச்சாக்குகளை அவிழ்த்துப் பார்த்தார்கள். சோறு, மரக்கறித் தோல், போத்தல், பம்பர்ஸ், அடுப்புச் சாம்பல் எல்லாம் ஒன்றாகக் கிடந்தது. "பிரிச்சு வைக்காம நாங்க எடுக்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டு வெறும் வண்டியோடு போய்விட்டார்கள். அன்று எனக்குக் கோபம்தான். பிறகு யோசித்தேன், கலந்த குப்பையை அவர்கள் எங்கே கொண்டுபோய்ப் போடுவார்கள்? மலையாகக் குவிப்பார்கள். 2017 ஏப்ரலில் கொழும்பு மீதொட்டமுல்லையில் அப்படிக் குவித்த மலை சரிந்து, பக்கத்து வீடுகளில் இருந்தவர்கள் உயிர் போனது.

நம் வீட்டுக் குப்பையைப் பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் மக்கிப் போகிற சாமான்தான். கோவாத் தழை, லீக்ஸ் வால், கிழங்குத் தோல், தேயிலைச் சக்கை, தோட்டத்துப் புல். இதைச் சபைக்குக் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் நஷ்டம் நமக்கு. அது உரம். அதை இங்கேயே செய்து கொள்ளலாம்.

கிடங்கு வெட்டச் சொல்லிப் பல இடங்களில் படித்திருப்பீர்கள். நம் மலையில் அது சரிவராது. நான் வெட்டிப் பார்த்தேன். ஒரு வாரம் அடைமழை, கிடங்கு குளமாகி நாற்றம் பிடித்துவிட்டது. ஆகவே நிலத்துக்கு மேலேயே செய்யுங்கள். மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரத்துக்குச் சவுக்குக் கம்பு நட்டு, பழைய கம்பி வலை கட்டுங்கள். இதைவிடச் சின்னதாக இருந்தால் உள்ளே சூடு நிற்காது. சூடு இல்லாவிட்டால் மெதுவாகத்தான் மக்கும். அடியில் அரையடி உயரத்துக்குக் கவ்வாத்து மிலாறு போடுங்கள். காற்று போக அது வேண்டும். பிறகு ஒரு வாளி சமையலறைக் கழிவு போட்டால், இரண்டு மூன்று வாளி காய்ந்த இலை போடுங்கள். இந்தக் கணக்குத்தான் முக்கியம். நடுவே மாட்டுச் சாணத்தைக் கரைத்துத் தெளியுங்கள். மேலே ஒரு பழைய தகரம், மழைக்கு.

ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள். விரல் நனைந்தால் போதும். தண்ணீர் ஒழுகினால் காய்ந்த இலை சேருங்கள். நாற்றம் அடித்தாலும் அதே வைத்தியம்தான். நாலைந்து நாள் கழித்து நடுவில் ஒரு கம்பைக் குத்தி எடுத்துத் தொட்டுப் பாருங்கள். கம்பு சுட வேண்டும். சுடாவிட்டால் சாணம் போதவில்லை, அல்லது குவியல் காய்ந்து கிடக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புரட்டி விடுங்கள். நம் குளிருக்கு நாலு மாதமாவது செல்லும். அவசரப்பட்டு எடுத்துப் போட்டால் செடி மஞ்சளாகும்.

மீன் முள், இறைச்சி, எண்ணெய்க் கறி இதில் போட வேண்டாம். எலி வரும், எலியோடு எலிக்காய்ச்சல் வரும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாப்பாட்டுக் கழிவை லயத்து மூலையில் கொட்டினால் நாய் கூடும். நாய் கூடும் இடத்துக்குச் சிறுத்தை வரும். "புலி லயத்துக்குள்ள வந்திருச்சு" என்று சத்தம் போடுகிறோம், அதற்கு இலை போட்டு அழைத்தது யார்?

கொம்போஸ்ட் போட்டால் பசளையே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். 2021இல் இரசாயனப் பசளையை ஒரேயடியாக நிறுத்தியபோது கொழுந்து என்ன ஆனது, பேர் போட நாம் என்ன பாடுபட்டோம் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் லயத்துக்குப் பின்னால் உள்ள ஐந்தாறு பாத்தி போஞ்சிக்கும் கோவாவுக்கும், வாங்கும் பசளை குறையும். மழையில் மண் கழுவிப் போவதும் குறையும்.

மிச்சம் இருப்பது போத்தல், தகரம், கண்ணாடி, பொலித்தீன். இவற்றைக் கழுவிக் காயவைத்துத் தனிச் சாக்கில் போடுங்கள். இதைத்தான் சபை எடுக்க வேண்டும். பம்பர்ஸுக்கு நல்ல வழி ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. சுற்றித் தனியே கட்டி வையுங்கள், கானிலும் கக்கூசிலும் போடாமல் இருந்தால் அதுவே பெரிய உதவி. மருந்து அடித்த கேனை எவ்வளவு கழுவினாலும் தண்ணீர் பிடிக்க எடுக்கக் கூடாது.

அடுப்புப் பற்றவைக்கப் பொலித்தீன் வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஈர விறகு, விடிகாலை, வேலைக்கு நேரமாகிறது, எனக்கும் புரிகிறது. ஆனால் அந்தப் புகை வெளியே போவதில்லை. காம்பராவுக்குள்ளேயே நின்று, தூங்குகிற பிள்ளையின் நெஞ்சுக்குள் போகிறது. காய்ந்த சவுக்கு இலையை ஒரு சாக்கில் ஸ்தோப்பில் நனையாமல் வைத்துக்கொண்டால் அதே வேகத்தில் பிடிக்கும்.

பொலித்தீன் குறைவதற்குச் சட்டமும் கொஞ்சம் உதவுகிறது. லஞ்ச் சீட்டுக்கு 2017 செப்டெம்பரிலேயே தடை வந்தது. 2025 நவம்பர் முதலாம் திகதியிலிருந்து கடைக்காரர் கைப்பிடி வைத்த பையைச் சும்மா தர முடியாது. சம்பளத்தன்று டவுனுக்குப் போகும்போது வீட்டிலிருந்து ஒரு பை எடுத்துப் போனால் காசு மிச்சம். மலைக்கு ரொட்டி கொண்டு போக நம் அம்மாமார் துணியில்தானே கட்டினார்கள்?

இனிச் சபைக்கு எழுதுவது. தனி ஆளாகப் போய்க் கேட்டால் "பார்ப்போம்" என்பார்கள். லயத்துக்கு ஒருவர் கையெழுத்துப் போட்டு, மாதர் சங்கம், கோவில் கமிட்டி, தலைவர்மார் எல்லாரும் சேர்ந்து சபைத் தவிசாளருக்கு எழுத வேண்டும். எத்தனை குடும்பம், பிரித்த சாக்குகளை எந்த இடத்தில் வைப்போம், எந்தக் கிழமை ட்ரக்டர் வேண்டும், மூன்றையும் தெளிவாக எழுதுங்கள். பிரதி ஒன்று துரைக்கு, ஒன்று பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு. தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பதில் பெற நமக்கு உரிமை உண்டு. பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, நம் வட்டாரத்துக் குப்பை அகற்ற எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்று கேட்டு இன்னொரு கடிதம் கொடுக்கலாம். 14 வேலை நாளுக்குள் அதைத் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்ல வேண்டும்.

கீழ் டிவிஷனுக்குப் போகும் தண்ணீர் எடுக்கும் இடத்துக்கு மேலே, மூன்று இடத்தில் கானுக்குக் கம்பி வலை போட்டிருக்கிறோம். வாரத்துக்கு ஒருமுறை மேல் லயத்து ஆட்கள் அதை வழிக்க வேண்டும். முதல் முறை நானும் என் மகனும் வழித்தோம், ஒன்றரைச் சாக்கு வந்தது. அடுத்த முறைக்கு ஆள் தேவை. கடிதத்தின் மாதிரி என் ஆபிஸில் இருக்கிறது, பின்னேரம் கொழுந்து நிறுத்த பிறகு வந்தால் உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம்.