பல்லில் பசை பற்றும் விதம்

மும்பையின் தாராவிப் பகுதி தோல் தொழிலுக்குப் பெயர் பெற்றது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து குடியேறியோர் பலர் அங்கே தோல் பதனிட்டு வாழ்ந்தனர். பதனிடும் சாலைகள் பெரும்பாலும் அகன்றுவிட்டபோதிலும், தோற்பொருள் செய்வோர் இன்றும் உளர். பச்சைத் தோல் உலர்ந்தால் சுருங்கி விறைக்கும்; அதனை மீண்டும் நீரில் ஊறவைத்த பின்னரே பதனிடுவர். இல்லையேல் பதனிடும் சாறு உட்புகாது. பல்லின் உட்பகுதியும் இவ்வியல்பினதே. தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்னும் புரத நாரே அங்கும் வலைபோல் அமைந்துள்ளது. சொத்தைப் பல்லை அடைத்த பிசின் நிலைப்பதும் கழல்வதும் பெரும்பாலும் இதனைப் பொறுத்தவை.

1. எனாமல்

பல்லின் மேலுறை எனாமல் ஆகும். இதன் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு தாதுப்பொருள். 1955-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் மைக்கேல் புவோனோகோர் என்பார், 85 விழுக்காடு பாஸ்பாரிக் அமிலத்தை 30 வினாடிகள் எனாமலின்மீது இட்டுக் கழுவினால், அக்ரிலிக் பிசின் அதில் உறுதியாகப் பற்றுவதைக் காட்டினார். அமிலம் எனாமலை ஒரே சீராகக் கரைப்பதில்லை. எண்ணற்ற நுண்குழிகளை உண்டாக்குகிறது. அவற்றினுள் பாய்ந்த பிசின் இறுகி வேரூன்றுகிறது. சாந்து பற்றுவதற்காகக் கொத்தனார் சுவரைக் கொத்திவிடுவது போன்றதே இது. இக்காலத்தில் 35 முதல் 37 விழுக்காடு வரையுள்ள அமிலமே வழக்கில் உள்ளது. எனாமலை நன்கு உலர்த்தலாம், அதனால் தீங்கில்லை.

2. டென்டின்

எனாமலுக்கு உட்புறத்தே உள்ளது டென்டின். இதில் தாதுப்பொருள் எடையில் சுமார் 70 விழுக்காடே. எஞ்சியது பெரும்பாலும் கொலாஜனும் நீரும் ஆகும். பற்கூழிலிருந்து வரும் நுண்குழல்களில் திரவமும் நிறைந்திருக்கும். அமிலம் தாதுவை நீக்கியதும் கொலாஜன் நார்கள் மட்டும் நிற்கும். அவற்றைத் தாங்குவது நீரே. காற்றூதி மிகுதியாக உலர்த்தினால் நார்கள் படிந்துவிடும். பிசின் நுழைய வழியிராது. மீண்டும் சிறிது ஈரமாக்கினால் அவை நிமிரும். நீர் தேங்கி நின்றாலோ, அதுவும் பிசினைத் தடுக்கும். எனவே ஒரு முனை நீரையும் மறு முனை பிசினையும் நாடும் மூலக்கூறுகள் கொண்ட திரவத்தை முதலில் பூசுவர். நாரும் பிசினும் பின்னிய இக்கலப்புப் படலத்தை 1982-இல் ஜப்பானிய அறிஞர் நகபயாஷி விளக்கினார்.

3. களப் பணியில் பயன்

பிசின் எட்டாத நார்களை நீரும் நொதிகளும் நாளடைவில் சிதைக்கின்றன. அடைப்பு வெளிப்பார்வைக்குச் செம்மையாகவே தோன்றும். அடியிலோ இடைவெளி உண்டாகிக் கிருமிகள் புகும். அடைத்த பல்லில் குளிர்ந்த நீர் பட்டால் கூசுகிறதென ஒரு குழந்தை தொடர்ந்து கூறினால், பணியாளர் காலந்தாழ்த்தாது பல் மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். செங்கற்பொடியாலும் கரியாலும் பல்லின் கழுத்துப் பகுதி தேய்ந்து டென்டின் வெளிப்படுகிறது. அங்கே பசை பற்றுதல் கடினம். ஆகையால் இவ்வழக்கத்தை விடுமாறு ஆசிரியர்கள் மாணவர்க்குக் கற்பித்தல் நன்று.

வினாக்கள்

1. எனாமலையும் டென்டினையும் ஒரே அளவு உலர்த்தலாகாது, ஏன்?
2. உலர்ந்த தோலுக்கும் உலர்ந்த டென்டினுக்கும் உள்ள ஒப்புமை யாது?