மடக்குக் கத்திக்குத் தோல் பிடி

சுவிட்சர்லாந்தின் இபாக் ஊரில் கார்ல் எல்சனர் 1884இல் கத்திப் பட்டறை தொடங்கினார். 1891இல் சுவிஸ் படைக்கு அவர் கொடுத்த சிப்பாய்க் கத்திகளுக்கு மரப்பிடி. பிற்பாடு படைக் கத்தியில் மரம் போய் ஃபைபர் வந்தது, 1961இல் அலுமினியம் வந்தது. விக்டரினாக்ஸ் என்ற பெயரில் இன்று பலர் வைத்திருக்கும் சிவப்பு மடக்குக் கத்தியின் பிடியோ செல்லிடார் என்ற பிளாஸ்டிக். உள்ளே இருக்கும் எஃகும் ஸ்பிரிங்கும் பல பத்தாண்டு உழைக்கும். பிளாஸ்டிக் அதற்கு முன்பே கீறல் விழுந்து மங்கிவிடும், கீழே விழுந்தால் விரிசல் விடும்.

அப்படிப்பட்ட கத்திக்குத் தோலில் புதுப் பிடி போடலாம். வியர்வைக் கையிலும் தோல் வழுக்காது. அமெரிக்கக் கடற்படை வீரர்கள் இரண்டாம் உலகப் போரில் பயன்படுத்திய கா-பார் கத்தியின் பிடி, தோல் வளையங்களை அடுக்கி இறுக்கிச் செய்ததுதான். அங்கே தோலை இறுக்கிப் பிடித்து நிறுத்த இரும்புக் குமிழ் உண்டு. மடக்குக் கத்தியில் அது கிடையாது. தோல் நிற்பதும் கழல்வதும் அதன் உட்பக்கத்தை எவ்வளவு கவனமாகத் தயார் செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஆகவே வேலையில் பாதி நேரம் வெளியே தெரியாத அந்தப் பக்கத்துக்கே போகும், போகவும் வேண்டும்.

இங்கே சொல்லும் முறை, மிகப் பரவலான 91 மி.மீ. நீளக் கத்திக்கானது. கத்தி மிகப் பழையதாக, விலைமதிப்புள்ளதாக இருந்தால் அசல் பிடியை மாற்றாமல் விட்டுவிடுவதே நல்லது.

தேவையானவை

சுமார் 1.5 மி.மீ. கனமுள்ள தோல், புது பிளேடு போட்ட கட்டர், துளை போடும் பஞ்ச், 120, 240, 400 எண் உப்புத்தாள்கள், ஸ்பிரிட், மெதுவாக இறுகும் அரால்டைட், செருப்புத் தைப்பவர்கள் பூசும் ரப்பர் பசை, வாசலின், தேன்மெழுகு, இரண்டு சிறிய கிளாம்ப், இரண்டு மட்டப் பலகைத் துண்டுகள்.

தோல் வாங்கும்போது வெட்டு முனையைப் பார்க்க வேண்டும். நடுப்பகுதி நீலம் கலந்த சாம்பல் நிறமாக இருந்தால் பெரும்பாலும் அது குரோமில் பதனிட்டது. கைப்பைக்கு அது சரி. பிடிக்கு மென்மை அதிகம், ஓரமும் மெருகேறாது. மரப்பட்டை, கடுக்காய் போன்றவற்றால் பதனிட்ட தோல் முனை முழுக்கப் பழுப்பாக இருக்கும், ஒரு சொட்டுத் தண்ணீரை உறிஞ்சிக் கருக்கும். தேவை இதுதான். திண்டுக்கல், திருச்சி, ஈரோடு பக்கத்துத் தோல் பட்டறைகளில் இம்முறைக்கு நீண்ட மரபு உண்டு. சாயம் ஏற்றாத தோலாகக் கேட்டு வாங்குவது நல்லது.

1. பழைய பிடியைக் கழற்றுதல்

எல்லா அலகுகளையும் மடக்கி டேப் சுற்றிவிட வேண்டும். பல்குச்சியையும் இடுக்கியையும் உருவி எடுத்துவிடலாம். இந்தக் கத்தியில் பிடிக்குத் திருகும் இல்லை, பசையும் இல்லை. ரிவெட்டுகளின் நீட்டிய தலைகள் மேல் அழுத்திப் பொருத்தியிருப்பார்கள். சாவி வளையம் இருக்கும் முனையில், பிடிக்கும் அலுமினியத் தகட்டுக்கும் இடையே மெல்லிய இரும்பு ஸ்கேலை நுழைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டே போனால் ஒவ்வொரு ரிவெட்டாக விடுபடும். ஒரே இடத்தில் நெம்பினால் அலுமினியம் வளைந்துவிடும். கழற்றிய பிடிதான் அடுத்த வேலைக்கு அச்சு. பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

2. தோலை வெட்டுதல்

ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு அடுக்கு. பழைய பிடியைத் தோல்மேல் வைத்துப் பென்சிலால் வரைந்து, கோட்டுக்கு வெளியே 2 மி.மீ. விட்டு வெட்ட வேண்டும். இடமும் வலமும் கண்ணாடிப் பிம்பம் போல இருக்க வேண்டும் என்பதால், தோலின் வழவழப்பான பக்கம் எது என்று ஒவ்வொரு துண்டிலும் குறித்துக்கொள்வது அவசியம்.

3. ரிவெட்டுக்கு இடம்

ரிவெட் தலைகளில் ஸ்டாம்ப் மை தடவி, உள் அடுக்குத் துண்டை நேராக வைத்து ஒருமுறை அழுத்தி எடுத்தால் தோலில் புள்ளிகள் விழும். அந்தப் புள்ளிகளில், தலையைவிடச் சற்றே பெரிய துளை போட வேண்டும். திரும்ப வைத்துப் பார்க்கும்போது தோல் ஆடாமல் தகட்டோடு முழுக்கப் படிய வேண்டும். நகத்தால் தட்டினால் எங்கும் வெற்றிடச் சத்தம் கேட்கக் கூடாது. ரிவெட் தலை தோலுக்கு மேலே துருத்தினால் உள் அடுக்குக்கு இன்னும் கனமான தோல் தேவை. சரியாக அமர்ந்த பிறகு, வெளி அடுக்கை ரப்பர் பசையால் அதன்மேல் ஒட்டலாம்.

4. ஒட்டுதல்

அலுமினியத் தகட்டை 120 எண் தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். அலகுகளின் மூட்டுகளிலும் தகடுகளின் இடுக்குகளிலும் வாசலின் தடவினால் வழியும் பசை உள்ளே பிடிக்காது. ஒட்டும் பரப்பில் மட்டும் வாசலின் படவே கூடாது.

அரால்டைட்டைத் தோலின் உட்பக்கம் முழுக்க மெல்லிசாகப் பூச வேண்டும். ஒட்டுவதோடு இன்னொரு வேலையும் அது செய்கிறது: பட்டையில் பதனிட்ட தோலின் டானின் இரும்பில் பட்டால் கருங்கறை விழும், பித்தளையில் தோல் படிந்திருந்தால் பச்சைக் களிம்பு ஏறும். இரண்டுக்கும் இந்தப் பூச்சு தடை. மேலே பிளாஸ்டிக் தாள், அதன்மேல் பலகை, அதற்கு மேல் கிளாம்ப். தோல் நசுங்காத அளவு இறுக்கினால் போதும். 24 மணி நேரம் அசைக்கக் கூடாது.

5. ஓரம்

மிச்சத்தைக் கட்டரால் சீவி, 120, 240, 400 என்ற வரிசையில் உப்புத்தாளால் தேய்த்துத் தகட்டின் விளிம்புக்கே கொண்டுவர வேண்டும். அவ்வப்போது அலகுகளைத் திறந்து பார்ப்பது நல்லது. நகம் வைக்கும் பள்ளத்தைத் தோல் மறைத்தால் கத்தி திறக்காது.

பிறகு ஓரத்தை விரலால் லேசாக ஈரமாக்கி, வழவழப்பான மரக்குச்சியால் வேகமாகத் தேய்க்க வேண்டும். இரண்டு அடுக்கின் கோடு மங்கி, ஓரம் கரும்பழுப்பாகப் பளபளக்கும். அதன்மேல் தேன்மெழுகைத் தேய்த்துத் துணியால் துடைத்தால் ஈரம் எளிதில் ஏறாது.

பராமரிப்பு

இனி இந்தக் கத்தியைத் தண்ணீரில் ஊறப்போடக் கூடாது. அலகை மட்டும் கழுவி உடனே துடைக்க வேண்டும். தோலுக்கு எண்ணெய் விடவும் வேண்டாம், அது உள்ளே இறங்கிப் பசையைத் தளர்த்தும். மாதம் ஒருமுறை சிறிது மெழுகு போதும். ஓரம் எங்காவது எழும்பினால், ஊசி முனையில் அரால்டைட் எடுத்து இடுக்கில் விட்டு, ஓர் இரவு கிளாம்ப் போட்டு வைத்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும்.