சிலம்பில் பொருளும் பழியும்

நுழையும்முன்

செல்வம் தேய்ந்த குடும்பத்தில் முதலில் எழும் வினா, 'இது யார் செய்த பிழை?' என்பதே. அவ்வினாவிற்கு அவசரத்தில் கூறப்படும் விடை பெரும்பாலும் பிறரைச் சுட்டும்; ஆராய்ந்து காணும் விடை சில நேரங்களில் தன்னையே சுட்டும். காவிரி கடலொடு கலக்கும் பூம்புகாரில் தொடங்கும் சிலப்பதிகாரம், இவ்விரு விடைகளுக்கும் இடையே உள்ள தொலைவைக் காட்டுகிறது.

நாடகக் காப்பியம்

இளங்கோவடிகள் இயற்றிய சிலப்பதிகாரம் புகார், மதுரை, வஞ்சி என மூன்று காண்டங்களும் முப்பது காதைகளும் கொண்டது. இயல், இசை, நாடகம் மூன்றும் விரவியிருத்தலால் முத்தமிழ்க் காப்பியம் என்றும், நிகழ்ச்சிகள் காட்சிகளாகவும் உரையாடல்களாகவும் விரிவதால் நாடகக் காப்பியம் என்றும் இதனைப் போற்றுவர். நாடகத்தின் உயிர் முரண். இந்நூலில் அம்முரண் பொருள் இழப்பிலிருந்து பிறக்கிறது.

குன்று தேய்ந்த கதை

கோவலன் புகார் நகரத்துப் பெருவணிகன் மாசாத்துவானின் மகன். கண்ணகி மாநாய்கனின் மகள். மணமான பின் இருவரையும் தனிமனையில் குடியமர்த்தி, இல்லறம் நடத்துமாறு கோவலனின் தாய் வாழ்த்தினாள். மாதவியின் ஆடல் அரங்கேறியபோது சோழ மன்னன் அவளுக்குத் தலைக்கோல் பட்டமும் 1008 கழஞ்சு பொன் பெறும் மாலையும் வழங்கினான். அம்மாலையை வாங்குபவரே மாதவிக்கு உரியவர் என்று கூனி ஒருத்தி நகர நம்பியர் உலவும் தெருவில் நின்றாள். கோவலன் அதனை வாங்கினான். முன்னோர் ஈட்டிய செல்வம் அன்று கரையத் தொடங்கியது.

இந்திர விழாவின் இறுதியில் கடற்கரையில் இருவரும் பாடிய கானல்வரிப் பாடல்களைத் தவறாகப் பொருள் கொண்ட கோவலன் மாதவியைப் பிரிந்தான். அவள் வசந்தமாலை வழியே அனுப்பிய முடங்கலையும் ஏற்க மறுத்தான். கண்ணகியிடம் திரும்பியவன், வஞ்சம் நிறைந்தவளோடு கூடி முன்னோர் தந்த பெரும்பொருளை இழந்து வறுமையுற்றது நாணம் தருகிறது என்றான். நாணம் தன்னுடையதாகவும் பழி மாதவியுடையதாகவும் அவன் சொல் அமைந்துள்ளது. மாலையை விலை கொடுத்து வாங்கியவன் தானே என்பதை அப்போது அவன் எண்ணவில்லை.

கண்ணகி கணக்குக் கேட்கவில்லை. சிலம்பு இருப்பதை மட்டும் கூறினாள். மாதவிக்குக் கொடுக்கவே பொருள் வேண்டுகிறான் என்று கருதி அவள் அவ்வாறு சொன்னதாகக் கொள்வர். கோவலனோ அச்சிலம்பையே வணிகத்திற்கு முதலாகக் கொண்டு, இழந்ததை மதுரையில் மீட்க எண்ணினான்.

சொல்லாமல் கடந்த வாயில்

இருவரும் பொழுது விடியுமுன்னே புகாரை விட்டு வெளியேறினர். கவுந்தியடிகள் துணைவரக் காவிரிக்கரை வழியே மேற்கு நோக்கி நடந்தனர். வயல்களில் உழவர் எழுப்பிய பாட்டொலியை நாடுகாண் காதை விரித்துரைக்கிறது. விளைந்து செழித்த அந்நாட்டின் நடுவே வறுமைக்கு நாணிய இருவர் நடந்து செல்வது காப்பியத்தின் உருக்கமான காட்சிகளுள் ஒன்று.

இங்கே கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. கோவலன் இறந்த பிறகு, மாசாத்துவான் தன் பெரும்பொருளைத் தானமாக வழங்கிவிட்டுப் புத்தப் பள்ளியில் துறவு பூண்டான் என்று வஞ்சிக் காண்டம் கூறுகிறது. எனவே தந்தையின் செல்வம் அழிந்துவிடவில்லை. உதவக்கூடிய மனை அருகிலேயே இருந்தும் நாணம் கோவலனை அவ்வாயிலில் நிற்கவிடவில்லை. நம்பத் தக்க உறவிடம் வாய் திறவாதவன், முன்பின் அறியாத ஒருவனிடம் சிலம்பைக் காட்டினான்.

நம்பிக்கை தவறிய இடம்

மதுரைக் கடைவீதியில், நூறு கொல்லர் பின்வர அரசச் சிறப்போடு வந்த பொற்கொல்லனைக் கோவலன் கண்டான். பாண்டியனிடம் சிறப்புப் பெற்றவன் என்னும் தோற்றமே அவனை நம்பப் போதுமான சான்றாயிற்று. அரசியின் சிலம்பைத் திருடியவன் அப்பொற்கொல்லனே என்பதைக் கோவலன் அறியான்.

கோவலன் தோற்றத்தை நம்பினான். பாண்டியன் நெடுஞ்செழியன் சொல்லை நம்பினான். அரசியின் ஊடலைத் தணிக்க விரைந்துகொண்டிருந்த மன்னன், பொற்கொல்லனின் கூற்றை ஆராயாமல் காவலரை ஏவினான். காவலர் கோவலனைக் கண்டதும் இவன் கொலைக்குரியவன் அல்லன் என்றனர். பொற்கொல்லன் களவு நூல் கூறும் சூழ்ச்சிகளை அடுக்கி அவர்களை மயக்கினான். அதற்குள் கல்லாதவன் ஒருவன் வாளை வீசினான். ஐயம் எழுந்தும் அது விசாரணையாக வளரவில்லை.

பழியை ஏற்றவர்

மதுரைக்குச் செல்லும் வழியில் கோசிகன் என்பவன் மாதவியின் இரண்டாம் முடங்கலைக் கோவலனிடம் அளித்திருந்தான். பெற்றோர்க்குச் செய்யும் கடமையையும் துறந்து இரவோடு இரவாக நீங்குமளவிற்குத் தன் பிழை யாது என்று மாதவி பணிவோடு வினவியிருந்தாள். அதனைப் படித்த கோவலன், தீது அவளுடையது அன்று, தன்னுடையதே எனத் தெளிந்தான். அம்முடங்கலின் சொற்கள் தன் பெற்றோரிடம் தான் கூற வேண்டியவற்றிற்கும் பொருந்துதலை உணர்ந்து, அதனையே அவர்களிடம் சேர்க்கச் சொன்னான். சிலம்பை விற்கச் செல்லுமுன்னரே அவன் மாதவியைப் பழியிலிருந்து விடுவித்துவிட்டான்.

பாண்டியனும் இறுதியில் அவ்வாறே செய்தான். கண்ணகியின் சிலம்பு உடைந்து, முத்திற்கு மாறாக மாணிக்கப் பரல் தெறித்தபோது, பொற்கொல்லன் சொல்லைக் கேட்ட தானே கள்வன் என்று கூறி உயிர் துறந்தான். பொற்கொல்லன் மேல் பழியைச் சுமத்த அவனுக்குக் காரணம் இருந்தது. ஆயினும் தீர்ப்பு வழங்கும் பொறுப்பு தன்னுடையது என்பதை அவன் மறுக்கவில்லை.

மக்களிடையே வழங்கும் கோவலன் கதையில் மாதவி பொருளாசை கொண்டவளாகச் சித்திரிக்கப்படுகிறாள். அவ்வாறு சித்திரித்தால் கோவலனின் பிழை சிறிதாகிவிடும். இளங்கோவடிகள் அவ்வெளிய வழியை மேற்கொள்ளவில்லை. பிழை செய்தவரும் தம் பிழையை உணரும் கணத்தில் உயர்கின்றனர் என்பதே அவர் காட்டும் அறம். அவ்வுணர்வு காலம் கடந்து வந்தால் இழந்த உயிர் மீளாது என்பது அவர் விடுக்கும் எச்சரிக்கை.

தெரிந்து தெளிவோம்

• அரங்கேற்று காதை கூறும் ஆடலரங்கின் அளவு: அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல்.
• கும்பகோணம் அரசுக் கல்லூரியில் பணியாற்றிய காலத்தில், 1892இல், உ.வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையுடன் பதிப்பித்தார்.

கற்பவை கற்றபின்

1. கோவலனின் நம்பிக்கையும் பாண்டியனின் நம்பிக்கையும் தவறிய முறையை ஒப்பிட்டு எழுதுக.
2. கோவலன் தந்தையிடம் உதவி கேட்பதாக ஓர் உரையாடல் காட்சி அமைத்து, வகுப்பறையில் நடித்துக் காட்டுக.