செயலியின் சூடு: அளந்து அறிதலும் தணிக்கும் முறையும்

வேலை நடுவே மேசைக் கணினி திடீரென அணைந்துவிடுகிறது. அல்லது விசிறி இரைந்துகொண்டே இருக்க, எல்லாம் ஆமை வேகத்தில் நகர்கிறது. கடைக்குத் தூக்கிச் சென்றால், "செயலி போய்விட்டது, தாய்ப்பலகையோடு சேர்த்து மாற்ற வேண்டும்" என்ற பதில் கிடைக்கலாம். பல நூறு ரிங்கிட் செலவாகும் அந்த முடிவுக்கு வருமுன், வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகளை வரிசைப்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிம்பாங் பூலாயில் என் தங்கை பயன்படுத்தும் கணினியை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். அதில் இருப்பது 2013இல் வெளிவந்த இண்டெல் கோர் ஐ5-4570 செயலி. எஸ்.டி.பி.எம். இடுபணி செய்யும் நேரத்தில் அது அடிக்கடி அணைந்தது. கடையில் மேற்சொன்ன பதிலைத்தான் சொன்னார்கள். வீட்டு நிலைமைக்கு அது எளிதில் ஈடுகட்டக்கூடிய தொகையன்று.

1. எண் எங்கிருந்து வருகிறது?

திரையில் தெரியும் வெப்பநிலையை உடனே நம்பிவிடலாகாது. 2006இல் வந்த கோர் வரிசை முதல், இண்டெல் செயலியின் ஒவ்வொரு கருவிலும் ஓர் இலக்க வெப்ப உணரி உள்ளது. அது வெப்பநிலையை நேரடியாகச் சொல்வதில்லை. உச்ச வரம்பை எட்ட இன்னும் எத்தனை பாகை மீதம் என்பதையே சொல்கிறது. கோர் டெம்ப் போன்ற மென்பொருள் அந்த மீதத்தை வரம்பிலிருந்து கழித்து நமக்குக் காட்டுகிறது. ஐ5-4570க்கு வரம்பு 100 பாகை செல்சியஸ். மீதம் 30 என்றால் வெப்பநிலை 70. மென்பொருள் வரம்பைத் தவறாகக் கொண்டிருந்தால், காட்டும் எண்கள் அனைத்தும் தவறாகும். மேலும், இவ்வுணரி வரம்பை நெருங்கும்போதுதான் துல்லியமாக இருக்கும்; குறைந்த சூட்டில் சில பாகை பிசகும்.

ஏ.எம்.டி. நிறுவனம் 2017இல் வெளியிட்ட ரைசன் 7 1700எக்ஸ், 1800எக்ஸ் செயலிகளில், விசிறியைக் கட்டுப்படுத்துவதற்காக உண்மை அளவோடு 20 பாகை கூட்டியே காட்டப்பட்டது. இதை அறியாத பலர் வீணாகக் கலங்கினர்.

எண் மெய்யா எனப் பார்க்க எளிய சோதனைகள் உண்டு. விசிறியால் குளிரும் செயலி, அறை வெப்பத்தைவிடக் குளிர்ந்திருக்க முடியாது. வேலைப் பளு கூடியும் எண் அசையவில்லை என்றால் அது வேறு ஏதோ உணரியின் எண். பயாஸ் திரையில் எண் சற்றுக் கூடுதலாகத் தெரிவது இயல்பே. அங்கே செயலி ஓய்வுநிலைக்குப் போவதில்லை.

2. அறை வெப்பத்தைக் கழிக்க வேண்டும்

செயலியின் வெப்பநிலையை இப்படிக் கணக்கிடலாம்: அறை வெப்பத்தோடு, செயலி உண்ணும் மின்திறனை வெப்பத்தடையால் பெருக்கிக் கூட்ட வேண்டும். வெப்பத்தடை என்பது ஒவ்வொரு வாட்டுக்கும் எத்தனை பாகை ஏறுகிறது என்பதாகும். இச்செயலியின் வடிவமைப்புத் திறன் 84 வாட். குளிர்விப்பானின் தடை வாட்டுக்கு 0.45 பாகை என்று வைத்துக்கொண்டால் ஏற்றம் 38 பாகை. 33 பாகை அறையில் இது 71 ஆகும். இதே கணினியைச் சிம்பாங் பூலாய்ச் சாலை வழியே கேமரன் மலைக்கு ஏற்றி, 20 பாகை அறையில் வைத்தால் 58 என்று காட்டும். உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் ஓரிரு பாகை கூடலாம். கணினியில் ஒன்றும் மாறவில்லை; அறைதான் மாறியது. ஆகவே குளிர்நாட்டார் கூறும் எண்ணையும் துத்தநாகக் கூரையின் கீழ் நாம் காணும் எண்ணையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. அறை வெப்பத்தைக் கழித்த வேறுபாட்டையே ஒப்பிட வேண்டும்.

தங்கையின் கணினியில் அறை 32, ஓய்வில் செயலி 66. ஓய்வில் செயலி மிகச் சில வாட்டுகளையே உண்ணும். அதற்கே 34 பாகை ஏற்றம் என்றால், வெப்பம் வெளியேறும் வழி அடைபட்டிருக்கிறது என்று பொருள். முழுச்சுமையில் எண் 100ஐத் தொட்டது, வேகம் குறைந்தது, சற்று நேரத்தில் கணினி அணைந்தது.

இது செயலி பழுதானதன் அடையாளமன்று. தன்னைக் காத்துக்கொள்ளும் செயல். 2001இல் டாம்ஸ் ஹார்டுவேர் இதழ், ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளின் குளிர்விப்பானைக் கழற்றிச் சோதித்தது. பெண்டியம் 4 வேகத்தைக் குறைத்துப் பிழைத்தது, ஏ.எம்.டி.யின் ஆத்லான் கருகியது. இன்றைய செயலிகள் அனைத்திலும் இக்காவல் உண்டு. மாறாக, 60 பாகையிலேயே கணினி அணைந்தால் செயலியின் சூட்டைக் குறை கூற இடமில்லை. மின்வழங்கியை முதலில் ஆராய வேண்டும்.

3. அடைப்பு எங்கே?

சிம்பாங் பூலாயைச் சுற்றிலும் சுண்ணாம்புக் குன்றுகள். சலவைக்கல்லும் கால்சியம் கார்பனேட்டும் எடுக்கும் கற்சுரங்கங்கள் இங்குள்ளன. லாரிகள் போகும் சாலையோர வீடுகளில் வெண்தூசி படிவதை அனைவரும் அறிவர். கணினி விசிறி அதையும் உள்ளிழுக்கிறது. ஈரக்காற்றோடும் பஞ்சுத்துகளோடும் கலந்த தூசி, விசிறிக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் இடையே கம்பளிபோல் படிகிறது. வெளியிலிருந்து பார்த்தால் விசிறி நன்றாகச் சுழலும். அதைக் கழற்றினால்தான் அடைப்புத் தெரியும்.

இரண்டாவது காரணம் தொடர்பு. இண்டெல் பெட்டியோடு தரும் குளிர்விப்பானை நான்கு நெகிழி ஊசிகள் பிடித்திருக்கும். ஒன்று நழுவினாலும் செயலிக்கும் உலோகத்துக்கும் நடுவே காற்று புகும். வெப்பக்கடத்துத்திறன் அலகில் காற்று 0.026, வெப்பப்பசை பொதுவாக 4 முதல் 8, அலுமினியம் 200க்கு மேல். மயிரிழை இடைவெளியும் ஏன் பெருந்தடையாகிறது என்பது இதனால் விளங்கும்.

4. செய்முறை

அ) மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் உலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்னைப் போக்குக.

ஆ) விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு, தூரிகையாலும் காற்றூதியாலும் வீட்டுக்கு வெளியே தூசியை அகற்றுக. முகக்கவசம் அணிக. மீண்டும் பூட்டி அளந்து எண்ணைக் குறித்துக்கொள்க.

இ) எண் போதிய அளவு இறங்காவிட்டால், கணினியைச் சில நிமிடம் ஓடவிட்டு அணைத்து, பசை இளகியதும் குளிர்விப்பானைச் சற்றுத் திருகித் தூக்குக. ஊசிகளுள்ள பழைய ஏ.எம்.டி. செயலிகளை நேராக இழுத்தால் செயலியும் பிடுங்கிக்கொண்டு வரும்.

ஈ) பழைய பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நடுவில் பச்சைப்பயறு அளவு புதுப்பசை வைக்க. கூடுதலாக வைப்பதால் பயனில்லை.

உ) ஊசிகளை மூலைவிட்டமாக இரண்டிரண்டாக அழுத்துக. நான்கு கால்களும் தாய்ப்பலகையின் பின்புறம் வெளிவந்தனவா என்று பார்க்க.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் செய்து அளந்தால்தான் எது காரணம் என்று தெரியும். தூசி அகற்றிய பின் முழுச்சுமையில் 91 வந்தது. நழுவியிருந்த ஓர் ஊசியைச் சரிசெய்து, பசையும் மாற்றிய பின் 72. ஆக, தூசியைவிடத் தொடர்பே பெரிய குற்றவாளி. செலவு இருபது ரிங்கிட்டுக்குள் அடங்கியது.

பசையைத் துடைத்தபோது செயலியின் மூடியில் நம் நாட்டின் பெயரைச் சுருக்கி "மலாய்" என்று பொறித்திருந்ததைக் கண்டேன். இண்டெல் அமெரிக்காவுக்கு வெளியே அமைத்த முதல் ஆலை, 1972இல் பினாங்கில் தொடங்கப்பட்டது. வடக்கே சில மணி நேரத் தொலைவில் நம்மவர் கைகள் பூட்டிச் சோதிக்கும் பொருளை, நாம் மட்டும் திறக்க அஞ்சும் மாயப்பெட்டியாகக் கருதத் தேவையில்லை.

மாணவ நண்பர்களே, உங்கள் கணினி நலமாக இருக்கும் இன்றே அறை வெப்பம், ஓய்வுநிலை, முழுச்சுமை ஆகிய மூன்று எண்களையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். மூன்று மாதத்திற்கு ஒருமுறை மீண்டும் அளந்து, வேறுபாடு ஏறுகிறதா என்று பாருங்கள். எல்லாம் செய்தும் எண் இறங்காவிட்டால் தயங்காமல் கடைக்குச் செல்லலாம். அப்போது அந்தக் குறிப்பேட்டையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.