அண்ணாந்து பார்க்க வேண்டிய பாலம்

லூசெர்ன் நகரத்தின் கப்பெல்புரூக்கே மரப்பாலத்தை முதல் முறை நான் நான்கே நிமிடத்தில் கடந்துவிட்டேன். குழுச் சுற்றுலாவில் வந்திருந்தோம். பாலத்துக்கு ஒதுக்கியிருந்தது மொத்தமே இருபது நிமிடம். நண்பகல் நேரம், தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். பூத்தொட்டிகளோடு நாலு படம் எடுத்துக்கொண்டு அக்கரை போய்ப் பேருந்தில் ஏறிவிட்டேன். அன்று இரவு சூரிச்சில் விடுதி அறையில் அப்பா கேட்டார்: "மேலே பாத்தியாம்மா? கூரை மரம் கொஞ்ச தூரம் கறுத்துக் கெடக்கு, அப்புறம் வெளுப்பா மாறுது. என்ன ஆச்சு அந்தப் பாலத்துக்கு?"

நான் மேலே பார்க்கவே இல்லை. அப்பா நாற்பது வருடம் மரவேலை செய்தவர். பார்க்காமல் இருக்க அவரால் முடியாது.

மறுநாள் குழுவை விட்டுவிட்டு நாங்கள் இருவரும் விடிந்ததும் ரயில் ஏறினோம். சூரிச்சிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் லூசெர்ன். நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் பாலம். கட்டணம் இல்லை, பூட்டும் இல்லை, இரவிலும் நடக்கலாம். அதனால் யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது, எட்டு மணிக்கு முன்னால் போய்விடுங்கள் என்பதுதான். அந்த நேரத்தில் வேலைக்குப் போகிறவர்கள் மட்டும்தான் நடக்கிறார்கள். பலகையில் விழும் நம் காலடிச் சத்தமே நமக்குக் கேட்கிறது. அடியில் ஏரியை விட்டுப் புறப்படும் ராய்ஸ் ஆறு தெளிவாக ஓடுகிறது.

கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி அப்பா அரை மணி நேரம் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாலம் 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இன்றைய நீளம் சுமார் 204 மீட்டர். கரைகளைத் தூர்த்து அகலப்படுத்திய 19-ஆம் நூற்றாண்டில் அதைக் குறுக்கிவிட்டார்கள். ஆற்றை நேராக வெட்டிக் கடக்காமல் கோணலாகப் போகிறது. காரணம், நகரத்தின் காவல் அரணில் ஒரு பகுதியாக எழுப்பப்பட்டது அது. ஆற்றுக்குள் நிற்கும் எண்கோணக் கல்கோபுரம் பாலத்துக்கும் மூத்தது. சிறையாகவும் கருவூலமாகவும் ஆவணக் காப்பகமாகவும் இருந்திருக்கிறது.

நிறம் மாறும் இடத்துக்கு வந்தோம். 1993 ஆகஸ்ட் 18, நள்ளிரவுக்குப் பின் இந்தப் பாலம் தீப்பிடித்தது. அணைக்காமல் போட்ட சிகரெட்டாக இருக்கலாம் என்று பரவலாகச் சொல்கிறார்கள். நடுப்பகுதி பெரும்பாலும் எரிந்துபோனது. கோபுரமும் இரு முனைகளும் தப்பின. எட்டே மாதத்தில், 1994 ஏப்ரலில், மறுபடி கட்டித் திறந்துவிட்டார்கள். நான் கைபேசியில் படித்துச் சொன்னதைக் கேட்டுவிட்டு, புதிய மரத்தில் உள்ளங்கையை வைத்து அப்பா சொன்னார்: "பழசு மாதிரி சாயம் பூசி மறைக்கல பாரு. தானா கறுக்கட்டும்னு விட்டிருக்காங்க." பழைய மரமும் புதிய மரமும் சேரும் அந்த இடத்தைத் தேடிப்பிடித்து நில்லுங்கள். எந்த வழிகாட்டிப் புத்தகத்தையும்விட அது எனக்கு அதிகம் சொன்னது.

எரிந்ததில் ஈடு செய்ய முடியாதவை ஓவியங்கள். கூரைக்கு அடியில் வரிசையாக முக்கோணப் பலகைகள். 17-ஆம் நூற்றாண்டில் ஹன்ஸ் ஹைன்ரிஷ் வேக்மன் வரைந்தவை. நகரத்தின் வரலாறும் அதன் காவல் புனிதர்களின் கதைகளும் அவற்றில் உண்டு. தீயன்று பாலத்தில் இருந்த 111-இல் 81 போய்விட்டன. ஒரு பலகையில் ஒரு ராட்சதன் நிற்கிறான். 1577-இல் ரெய்டன் என்ற ஊரில் கிடைத்த பெரிய எலும்புகளை ராட்சதனுடையவை என்று அறிஞர்களே நம்பியதன் விளைவு அவன். பிற்காலத்தில் அவை மாமத யானையின் எலும்புகள் என்று தெரியவந்தது.

படங்களைப் பார்க்க நான் கண்ட வழி இது: நடந்துகொண்டே அண்ணாந்து பார்க்காதீர்கள், கழுத்தும் வலிக்கும், எதிரே வருபவர் மேலும் மோதுவோம். பத்தடி நடந்து, ஓரமாக ஒதுங்கி நின்று, ஒரு பலகையை முழுதாகப் பாருங்கள். எல்லாவற்றையும் பார்த்தே தீரவேண்டும் என்ற எண்ணம் வேண்டாம். பெரியவர்களை அழைத்துப் போனால் வழுக்காத செருப்பு அவசியம்.

பெரும்பாலோர் இத்தோடு திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அதில்தான் வருத்தம். ஆற்றோடு பத்து நிமிடம் கீழே நடந்தால் இன்னொரு கூரைப்பாலம், ஸ்ப்ராயர்புரூக்கே. பெயரில் இருப்பது உமி. ஊரின் கடைசிப் பாலம் இது என்பதால், ஆலைகளின் உமியை இங்கிருந்து மட்டுமே ஆற்றில் கொட்ட அனுமதி இருந்ததாம். வெள்ளத்தில் 1566-இல் அடித்துப்போய் மறுபடி கட்டப்பட்டது. உள்ளே காஸ்பர் மெக்லிங்கர் 1626 முதல் 1635 வரை வரைந்த மரண நடனம். 67-இல் 45 மிச்சம். போப்பாண்டவர், பேரரசர், வியாபாரி, மணப்பெண் என்று ஒவ்வொருவரையும் ஓர் எலும்புக்கூடு கைபிடித்து அழைக்கிறது. அம்மா போய் அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. அப்பா எல்லாப் பலகையையும் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அங்கே கூட்டமே இல்லாதது எங்களுக்குப் பெரிய உதவியாக இருந்தது.

அதை ஒட்டியே 'ஊசி அணை' இருக்கிறது. ஏரியின் மட்டத்தைக் காக்க 1859-60-இல் கட்டியது. வரிசையாகச் செருகிய மரச்சட்டங்களை ஆட்கள் கையாலேயே உருவியும் செருகியும் இன்றும் நீரைக் கட்டுப்படுத்துகிறார்கள். அப்பாவின் முகம் அங்கேதான் தெளிந்தது. சட்டத்தின் கனம் எவ்வளவு, தண்ணீரில் ஊறினால் எத்தனை வருடம் தாங்கும் என்று தனக்குத் தானே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ரயிலுக்கு நேரமாயிற்று என்று நான் இரண்டு முறை சொல்லிவிட்டு, மூன்றாவது முறை சொல்லாமல் அடுத்த ரயிலின் நேரத்தைப் பார்த்தேன்.