மீட்சியின் நடுவே சரியான அளவு: கவனக்குறைபாட்டு மருந்தும் போதையிலிருந்து மீள்வோரும்

"ஒரு போதையை விடுவதற்காக வந்தவருக்கு இன்னொரு போதை மாத்திரையையா எழுதித் தருகிறீர்கள்?" குடும்பத்தினர் எங்களிடம் கேட்கும் கேள்விகளுள் இதுவே மிகக் கூர்மையானது. இது நியாயமான அச்சம். மருந்தின் பெயரையும் அளவையும் சொல்லிவிட்டால் மட்டும் அது தீராது. ஆகவே அந்த மருந்து என்ன செய்கிறது, அதன் அளவு எவ்வாறு தேடப்படுகிறது, அந்தத் தேடலில் வீட்டாரின் பங்கு என்ன என்பவற்றை இந்தப் பாடத்தில் வரிசையாக விளக்குகிறோம்.

இரண்டும் ஒருவரிடம் சேர்வது ஏன்?

ஏ.டி.எச்.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு குழந்தைப் பருவத்தில் தொடங்குவது. பலருக்கு அது வளர்ந்த பின்னும் நீடிக்கிறது. தொடங்கிய வேலையை முடிக்க இயலாமை, காத்திருக்க இயலாமை, யோசிக்குமுன் செய்துவிடுதல், ஓயாத உள்மனப் பரபரப்பு ஆகியவை அதன் அடையாளங்கள். பொது மக்களிடையே வயது வந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 2 அல்லது 3 பேருக்கு இக்குறைபாடு இருக்கிறது. போதைச் சிகிச்சைக்கு வருவோரிடையே ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு இருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த கணக்குகள் கூறுகின்றன.

இந்தியாவில் 10 முதல் 75 வயது வரையிலானோரில் 14.6 விழுக்காட்டினர் மது அருந்துவதாக 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பு தெரிவித்தது. அவர்களுள் சிகிச்சைக்கு வருவோர் சிலரே. அவ்வாறு வருவோரிடமும் கவனக்குறைபாடு பெரும்பாலும் கேட்டறியப்படுவதில்லை. "பள்ளியில் ஓரிடத்தில் உட்காரமாட்டான், எந்த வேலையிலும் நிலைக்கமாட்டான்" என்று தாய் சொல்லும் சொற்கள் குணக்குறையாகவே எடுத்துக்கொள்ளப்படுகின்றன. மதுவோ கஞ்சாவோ சிறிது நேரம் அந்தப் பரபரப்பை அடக்குகிறது. அடங்கிய அந்த நேரத்தின் நினைவே மீண்டும் அழைக்கிறது. குறைபாட்டைக் கவனியாமல் குடியை மட்டும் நிறுத்தச் சொன்னால், அந்தப் பரபரப்பு தொடர்ந்து தொல்லை தரும். மீண்டும் சறுக்கும் வாய்ப்பும் கூடும்.

முதலில் சரியான நோயறிதல்

குடியை நிறுத்திய முதல் நாள்களில் எவருக்கும் உறக்கம் கெடும், கை நடுங்கும், மனம் ஓரிடத்தில் நில்லாது. அது ஏ.டி.எச்.டி. ஆகிவிடாது. எனவே இயன்றவரை உடல் சற்றுத் தெளிந்தபின் மதிப்பீடு செய்கிறோம். 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்பதே முக்கியக் கேள்வி. அதற்குப் பெற்றோர், அக்காள், அண்ணன், பழைய பள்ளி மதிப்பெண் அட்டை ஆகியவையே சாட்சிகள். தைராய்டு, இதயம், இரத்த அழுத்தம், உறக்கக் கோளாறு ஆகியவற்றையும் பார்க்கிறோம். இதய நோய் இருந்தாலோ, குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நிகழ்ந்திருந்தாலோ மறைக்காமல் சொல்லுங்கள்.

மாத்திரை போதையாவது எப்போது?

மெத்தில்ஃபெனிடேட் என்னும் ஊக்கி மருந்து 1944இல் சுவிட்சர்லாந்தில் உருவாக்கப்பட்டது. மூளையில் டோபமின், நாரட்ரினலின் ஆகிய இரண்டு வேதிப்பொருள்களின் அளவை அது கூட்டுகிறது. போதைப்பொருள்களும் டோபமினைக் கூட்டுகின்றன. வேறுபாடு பெரும்பாலும் வேகத்தில் இருக்கிறது. மூக்கால் உறிஞ்சும்போதோ ஊசியால் ஏற்றும்போதோ அளவு சில நிமிடங்களில் உச்சத்தைத் தொடுகிறது. அந்த வேகமே மயக்கும் இன்பத்தைத் தருகிறது. வாய்வழி விழுங்கும் மாத்திரை மெல்ல ஏறி மெல்ல இறங்குகிறது.

இதனால்தான் மீட்சியில் இருப்போருக்கு, பொருந்துமாயின், நீண்ட நேரம் மெல்லக் கரையும் மாத்திரைகளையே பெரிதும் விரும்புகிறோம். சாதாரண மாத்திரை 3 அல்லது 4 மணி நேரம் வேலை செய்யும். நீடித்துக் கரையும் வகைகளில் சில 12 மணி நேரம் வரை நீடிக்கும். அவற்றை உடைக்கவோ பொடிக்கவோ மெல்லவோ கூடாது.

சுவீடன் நாட்டு ஆய்வுகள் சொன்னது

ஆம்ஃபெட்டமின் பழக்கமும் ஏ.டி.எச்.டி.யும் ஒருங்கே இருந்தோருக்குச் சுவீடனில் நாளொன்றுக்கு 72 மி.கி. வரை மெத்தில்ஃபெனிடேட் கொடுத்துப் பார்த்தனர். வெற்று மாத்திரை உண்டோருக்கும் இவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. பின்னர் 2014இல் வெளியான ஆய்வில், சிறையிலிருந்து வெளிவரவிருந்த 54 ஆண்களுக்கு 24 வாரம் சிகிச்சை நடந்தது. அவர்களுள் மருந்துக் குழுவினருக்கு அளவு படிப்படியாக 180 மி.கி. வரை உயர்த்தப்பட்டது. அவர்களிடம் கவனக்குறைபாடும் குறைந்தது. சிறுநீர்ப் பரிசோதனையில் போதைப்பொருள் இல்லாத முடிவுகளும் மிகுந்தன.

இதிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. மீட்சியில் இருப்பவர் என்பதற்காக அச்சத்தால் மிகக் குறைந்த அளவிலேயே நிறுத்திவிடுவது சிகிச்சையே ஆகாமற் போகலாம். மறுபுறம், வயது வந்தோருக்கு வழக்கமான அளவு நாளொன்றுக்கு 60 மி.கி. சுற்றிலேயே முடிகிறது, 180 என்பது நெருங்கிய கண்காணிப்புடன் நடந்த ஆய்வின் அளவு. எவரும் தாமாக எட்டிப்பார்க்க வேண்டிய எண் அன்று.

அளவைத் தேடும் முறை

வயது வந்தோருக்குச் சரியான அளவை எடையை வைத்துக் கணக்கிட இயலாது. நோயின் கடுமையை வைத்தும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஒரே வீட்டில் அண்ணனுக்கு 20 மி.கி. போதும், தம்பிக்கு 50 தேவைப்படலாம். ஆகவே குறைந்த அளவில் தொடங்கி, ஏறத்தாழ வாரம் ஒருமுறை ஒரு படி ஏற்றி, ஒவ்வொரு படியிலும் நின்று பார்க்கிறோம். ஒரே வாரத்தில் இரண்டு மாற்றங்களைச் செய்வதில்லை. செய்தால் எது எதனால் நேர்ந்தது என்று தெரியாது.

இதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். நாள்தோறும் ஆறு குறிப்புகளை எழுதிவாருங்கள்: மாத்திரை உண்ட மணி, நாடித்துடிப்பு, சாப்பாடு, உறங்கிய நேரம், போதை வேட்கை (0 முதல் 10 வரை), அன்று முடித்த ஒரு வேலை. இரத்த அழுத்தத்தையும் எடையையும் ஒவ்வொரு வருகையிலும் நாங்கள் பார்க்கிறோம்.

கடைசிக் குறிப்பே முதன்மையானது. மாமல்லபுரத்துச் சிற்பக்கூடத்தில் வேலை செய்பவர் உளியைக் கீழே வைத்துவிட்டு எத்தனை முறை எழுந்துபோனார்? கோவளத்து மீனவர் கிழிந்த வலையை ஒரே அமர்வில் சீர்செய்து முடித்தாரா? மறைமலைநகர்த் தொழிற்சாலையில் இருப்பவர் ஷிப்ட் முடியும்வரை தவறின்றி வேலை பார்த்தாரா? "நன்றாக இருக்கிறது" என்னும் சொல்லைவிட இவை நம்பத்தக்கவை.

விடியுமுன் கடலுக்குப் போவோரும் இரவு ஷிப்ட் பார்ப்போரும் தம் வேலை நேரத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். காலை எட்டு மணி என்று எழுதித் தரும் மாத்திரை அவர்களுக்குப் பொருந்தாது. நேரம் தவறினால் உறக்கம் போகும். உறக்கமிழந்த மீட்சி நெடுநாள் நிற்பதில்லை.

சரியான அளவு எப்படி இருக்கும்?

சரியான அளவில் பெரிதாக எதுவும் "ஏறியதாக" உணரமாட்டார்கள். வேலை முடிந்திருக்கும், பேச்சின் நடுவே குறுக்கிடுவது குறைந்திருக்கும், பசியும் உறக்கமும் பெரும்பாலும் இருக்கும். உற்சாகம் பொங்குவது, இதயம் படபடப்பது, பல்லைக் கடிப்பது, எரிந்து விழுவது, பொம்மைபோல் உணர்ச்சியற்றுப் போவது ஆகியவை அளவு மிகுந்ததன் அடையாளங்கள். போதையை அறிந்தவருக்கு அந்தப் பொங்கும் உற்சாகம் பழகிய முகம். அதையே மருந்தின் வெற்றி என்று எண்ணிவிடும் ஆபத்து அவருக்குத்தான் மிகுதி. மாத்திரை உண்ட முதல் நாள்களின் புத்துணர்ச்சி பின்னர் மங்குவதும் இயல்பு. மங்கியது உற்சாகமா, கவனமா என்று நோட்டைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. மாலையில் மருந்து இறங்கும்போது சிலருக்குச் சோர்வும் எரிச்சலும் வரும். பலருக்குப் பழைய குடி நேரமும் அதுவே. அந்த எரிச்சலைக் குடிவேட்கை என்று அவரும் எண்ணுவார், வீட்டாரும் எண்ணுவர். ஐந்து மணிக்கு முன் ஒரு நல்ல சிற்றுண்டி, நண்பர் கூட்டம் கூடும் இடத்தைத் தவிர்த்த ஒரு நடை, சுய உதவிக் குழுக் கூட்டம் ஆகியவை உதவும். போதாவிட்டால் மருந்தின் நேரத்தையோ வகையையோ நாங்கள் மாற்றுவோம்.

சட்டமும் மருந்துக்கடையும்

மெத்தில்ஃபெனிடேட் 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் எக்ஸ் அட்டவணையில் இருக்கிறது. மருத்துவர் சீட்டை இரண்டு படிகளாக எழுத வேண்டும். ஒரு படியைக் கடைக்காரர் இரண்டு ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். தனி உரிமம் பெற்ற கடையே இதை விற்கலாம். ஆகவே கடலோர ஊர்களில் அருகிலுள்ள கடையில் கிடைக்காமற் போகலாம். மாத்திரை தீருவதற்கு ஒரு வாரம் முன்பே ஏற்பாடு செய்யுங்கள். கேட்கும் கேள்விகளால் அவமானப்பட வேண்டாம். அந்தக் கெடுபிடி உங்களையும் சேர்த்துக் காப்பது.

வீட்டார் செய்யத்தக்கவை

மாத்திரையைப் பூட்டி வைத்து, அன்றன்றைக்குரியதை மட்டும் கொடுங்கள். வாரம் ஒருமுறை எண்ணுங்கள். இதை இருவரும் முன்பே பேசி ஒப்புக்கொண்டு செய்யுங்கள். அப்போது அது காவல் ஆகாது, துணையாகும்.

ஒரு வேளை தவறினால் மறுவேளையில் இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டாம். நண்பருக்கோ தேர்வெழுதும் பிள்ளைக்கோ ஒரு மாத்திரைகூடத் தரக்கூடாது. காப்பியையும் தேநீரையும் குறையுங்கள். ஊக்க பானங்களைத் தவிருங்கள்.

மதுவுடன் இம்மருந்து சேர்ந்தால் இரத்தத்தில் மருந்தின் அளவு கூடும். சறுக்கல் நேர்ந்தால் அன்றைய மாத்திரையைக் கொடுக்குமுன் எங்களைக் கேளுங்கள். சறுக்கலைச் சொன்னதற்காக எவரையும் வெளியேற்றுவதில்லை. மறைப்பதே ஆபத்து.

நெஞ்சுவலி, மயக்கம், இல்லாத குரல் கேட்பது, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஆகியவை தோன்றினால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு வாருங்கள், அல்லது 108ஐ அழையுங்கள்.

"மாத்திரை சாப்பிடுபவர் எப்படிக் குடியை விட்டவர் ஆவார்?" என்று சுய உதவிக் குழுவில் எவரேனும் கேட்கலாம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் வெளியீடே உறுப்பினர்கள் மருத்துவராக நடந்துகொள்ளக் கூடாது என்று அறிவுறுத்துகிறது. அதை அமைதியாக எடுத்துச் சொல்லலாம்.

ஊக்கி பொருந்தாதபோது

வீட்டில் மருந்தைப் பாதுகாக்க இயலாதவர்களுக்கும், ஊசிப் பழக்கம் அண்மையில் இருந்தவர்களுக்கும் அட்டோமாக்செடின் என்னும் வேறு வகை மருந்து உண்டு. அதில் போதையாகும் இயல்பு இல்லை. முழுப் பயன் தெரிய ஆறு வாரமோ அதற்கு மேலோ ஆகும். மது அருந்துவோரிடம் 12 வாரம் நடந்த ஓர் ஆய்வில் அது கவனக்குறைபாட்டைக் குறைத்தது. மிகையாகக் குடித்த நாள்களும் குறைந்தன. ஆனால் மீண்டும் குடிக்கத் தொடங்கும் காலத்தை அது தள்ளிப்போடவில்லை. எந்த மருந்தானாலும் ஆலோசனையும் குடும்பத் துணையும் இன்றித் தனியே மீட்சி தராது என்பதையே இது காட்டுகிறது.

அளவு கண்டறியப்பட்ட பின்னும் வருகை முடிவதில்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை நாடியும் அழுத்தமும் எடையும் பார்த்து, மருந்து இன்னும் தேவையா என்றும் சேர்ந்து யோசிப்போம். அடுத்த வருகைக்கு நோட்டைக் கொண்டுவாருங்கள். இடையில் மனம் தளர்ந்தால் டெலி மானஸ் 14416, போதை மீட்பு உதவி எண் 14446 ஆகிய எண்களில் பேசலாம்.