பேலட் பலகையில் ஒரு மேசை

போர்ட் கிள்ளான் கிடங்கில் கழித்துப்போட்ட பேலட் பலகைகள் கிடைக்கின்றன. வீட்டுக்கு மேசை செய்யலாமா?
— வாசகி, கிள்ளான்

தாராளமாகச் செய்யலாம், அம்மா. முதலில் பக்கவாட்டில் கோதுமைக் கதிர் முத்திரையைத் தேடுங்கள். அதில் ‘எச்டி’ என்றிருந்தால் மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கிய பலகை, நம்பி எடுக்கலாம். ‘எம்பி’ என்றிருந்தால் மெதில் புரோமைடு புகையூட்டியது. வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம். எண்ணெய்க் கறை படிந்ததையும் விட்டுவிடுங்கள், எவ்வளவு தேய்த்தாலும் வாடை போகாது. ரப்பர் மரமென்றால் குண்டூசித் துளைகளும் மாவுபோல் உதிரும் தூளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் வண்டு புகுந்துவிட்டது.

ஆணியைப் பிடுங்கினால் பலகை பிளக்கும். இடுக்கில் இரும்பறுக்கும் பிளேடை விட்டு ஆணியையே அறுத்துவிடுங்கள். நம் ஊர் ஈரப்பதத்துக்கு, வார்னிஷை மேசையின் அடிப்பக்கமும் பூசுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசினால் பலகை வளையும்.